மியன்மார் கைதிகளும் நமது மௌனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மியன்மாரின் அரசியல் கைதிகள் பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். 2021 பெப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் மக்கள் தெரிவுசெய்த அரசின் தலைவி ஆங் சான் சூகியையும் அப்போதைய ஜனாதிபதி வின் மியின்டையும் தடுத்துவைத்ததை அந்நாட்டின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது, இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தோரைக் கண்ட நமக்கு ஏற்புடையதன்று. அங்குள்ள அடக்குமுறையின் விளைவு நம் கரைக்கே வருகிறது. 2024 டிசெம்பரில் மியன்மாரின் சிறுபான்மையினரான ரோஹிங்கிய அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது உணவும் உடையும் திரட்டிய ஊரவருள் நானும் ஒருவன்.

இலங்கையும் மியன்மாரும் வங்காள விரிகுடா சார்ந்த நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் உறுப்பினர்கள். அது பொருளாதார அமைப்புத்தானே என்ற சாக்கு இனியும் வேண்டாம். அதன் அடுத்த வெளிவிவகார அமைச்சர்கள் கூட்டத்தில் நமது அரசு கைதிகளின் விடுதலையை வெளிப்படையாகக் கோருவதோடு, அதுவரை குடும்பத்தினரும் சட்டத்தரணிகளும் அவர்களைச் சந்திக்க அனுமதி கேட்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.