தம்பிக்கு, ஜேர்மனி லேயரிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பி,

அம்மா சுகம். நானும் சுகம். முழங்கால் பழையபடிதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் தொலைபேசி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடுகள் வருகின்றன. நீலம் வந்தால் படித்தாயிற்று என்று அர்த்தமாம், அக்கா சொன்னாள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அக்கா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். மெதுவாகப் படி. பதில் அவசரமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

பாப்பன்பேர்க்கில் கட்டிய டிஸ்னி ட்ரெஷர் பயணிகள் கப்பல் ஆற்றால் போய்விட்டது. நீ இருந்தால் எத்தனை மணிக்கு எந்த வளைவுக்கு வரும் என்று அட்டவணை போட்டுச் சொல்லியிருப்பாய். நீ இல்லாததால் நானும் அம்மாவும் மிகவும் முந்திப் போய் அணைக்கரையில் நின்று குளிர்ந்தோம். அம்மா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற கிழவரும் மனைவியும் குடுவையில் தேநீர் வைத்திருந்தார்கள். கல்கண்டைக் கோப்பையில் போட்டு, மேலே பாலாடையை ஊற்றி, கலக்காமல் குடிக்கும் இந்த ஊர்ப் பழக்கம் அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. கரண்டி கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள்.

கப்பல் பின்பக்கமாகத்தான் வந்தது. பின்புறத்தில் பீட்டர் பேனும் கேப்டன் ஹூக்கும் தொங்குகிறார்கள், அதனால் முதலில் வந்து சேர்ந்தது அவர்கள் இருவரும்தான். 341 மீட்டர் கப்பல். எம்ஸ் ஆற்றில் அது வரும்போது தண்ணீர் தெரிவதில்லை, வயலுக்கு நடுவே ஒரு நகரம் நகர்வதுபோல் இருக்கிறது. மாடுகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவைகளுக்குப் பழகிவிட்டது.

ஏன் பின்பக்கமாகப் போகிறது என்று பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தகப்பனைக் கேட்டான். தகப்பனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் நான் விளக்கினேன். கப்பலைத் தள்ளும் உந்திகள் பின்பக்கத்தில் சுழலக்கூடியபடி இருக்கின்றன, அவை போகும் திசைக்கு முன்னால் இருந்தால் இந்த ஒடுங்கிய வளைவுகளில் கப்பலைத் திருப்புவது இலகு, கயிறு கட்டிய இழுவைப்படகுகள் இரண்டு முனையிலும் நின்று உதவும் என்று. நீ முதலாம் ஆண்டில் சோற்றுக் கோப்பையைக் கப்பலாக வைத்து மேசையில் எனக்குக் காட்டியதைத்தான் சொன்னேன். அந்தத் தகப்பன் நான் மாலுமியா என்று கேட்டான். இல்லை, என் மகன் கப்பல் அதிகாரி, இந்த லேயரில்தான் படித்தான் என்றேன். அவன் கையைக் குலுக்கினான். அம்மா அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு இந்த ஊர்க்காரரின் பிடிவாதம் இன்றைக்கும் விளங்குவதில்லை. அறிவுள்ளவன் கப்பலைக் கடற்கரையில் கட்டுவான். வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் மணலில் வைத்துக் கட்டினார்கள், எதிரே கடல். அங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாயில் போனது. இவர்களோ கடலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே, பாப்பன்பேர்க்கில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். 1795இல் மரக்கப்பல் கட்டத் தொடங்கிய இடம் என்பதுதான் காரணம். அப்போது ஆறு போதும். பிறகு கப்பல் பெருத்துக்கொண்டே போனது, ஆறு அப்படியே இருந்தது. கப்பல் கட்டும் தளத்தை இடம் மாற்றாமல் ஆற்றை மாற்றினார்கள். தோண்டினார்கள், வளைவுகளைச் சீராக்கினார்கள். கண்டர்சுமில் 476 மீட்டர் நீளத்தில் தடுப்பணை கட்டி 2002இல் திறந்தார்கள். புயல் வெள்ளத்துக்கு என்றும் சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் பெருக்கு நேரத்தில் அதன் கதவுகளை மூடி, தேவையானால் பம்பு வைத்தும் தண்ணீரை ஏற்றித்தான் இந்தக் கப்பல்களை மிதக்க விடுகிறார்கள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

இதை எழுதியதும் அக்கா பின்னால் நின்று படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் படம் பிடித்து அனுப்ப மாட்டாள். ஆற்றைத் தோண்டத் தோண்ட, பெருக்கு உள்ளே கொண்டுவரும் சேறு வெளியே போவதில்லை. கோடையில் அடியில் கூழ்போலச் சேறு, மீனுக்கு மூச்சுவிடக் காற்றில்லை. 2015இல் அரசும் மாவட்டங்களும் தளமும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து 2050 வரைக்கும் ஒரு பெரும் திட்டத்தில் கையெழுத்திட்டார்கள், ஆறு இன்னும் தேறவில்லை என்கிறாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அவள் படித்ததும் அந்தத் தளத்தில் நான் வாங்கிய சம்பளத்தில்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் அவள் பேசும்போது நான் தேநீர் போடப் போய்விடுவேன்.

தளத்துச் செய்தி நீயும் பார்த்திருப்பாய். 2024 ஓகஸ்ட் மாதம் அன்றைய பிரதமர் ஷோல்ஸ் பாப்பன்பேர்க்குக்கே வந்து தொழிலாளர் முன் பேசினார். செப்டெம்பரில் மத்திய அரசும் மாநில அரசும் 40 கோடி யூரோ போட்டுத் தளத்தின் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டார்கள். வேலை இல்லாததால் வந்த நட்டம் அல்ல அது, வேலை நிறைய இருக்கிறது. பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், கொரோனாவுக்குப் பிறகு இரும்பும் மின்சாரமும் ஏறிவிட்டது. அதோடு, கப்பலின் விலையில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு, ஒப்படைக்கும் நாளில்தான் கைக்கு வரும். அதுவரை கடன் வாங்கிக் கட்டவேண்டும். ஆர்டர் புத்தகம் நிறைந்து கிடக்கும்போதே கையில் காசில்லாமல் நிற்கலாம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். என்னோடு கேபிள் இழுத்தவர்கள் சிலர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், அந்தக் கோடை முழுவதும் அவர்களுக்கு நித்திரையில்லை. ஒருவரும் வீட்டில் சொல்லவில்லையாம். எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்ததாம்.

நீயும் இரவில் நித்திரை கொள். காவல் முறை மாறி மாறி வரும் வேலை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

எம்ஸ் ஆற்றுக்கு மேலே போகும் வேனர் ரயில் பாலத்தின் கதை உனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அந்தச் சரக்குக் கப்பல் மோதியபோது நீ பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாமல் சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்த்தாய். நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கு ரயில் அன்றோடு பல வருடம் நின்றுபோனது. அதற்கு முன்பு எப்படி, நினைவிருக்கிறதா? பெரிய கப்பல் வரும் ஒவ்வொரு முறையும் மிதக்கும் கிரேன் வந்து பாலத்தின் நடுத்துண்டைத் தூக்கி ஓரமாக வைக்கும், கப்பல் போனபின் திரும்பப் பொருத்தும். நீ அதைப் பார்த்த அன்றுதான் மாலுமிப் படிப்பு என்று தொடங்கினாய். அம்மா பயந்தாள். கடல் வேண்டாம் என்றாள். நான்தான் படிக்கட்டும் என்றேன். பழைய பாலத்துக்குப் பதிலாகச் சுழன்று திறக்கும் பாலம். இனிக் கிரேன் தேவைப்படாது.

அன்றைக்கு ஒன்று நடந்ததே, நீ இரண்டாம் ஆண்டு படித்த நேரம். கரையெல்லாம் கார், பிள்ளைகள், நாய்கள், பொரித்த மீன் கடை. கப்பல் வரவில்லை. காற்று கூடிவிட்டது, மற்றொரு பெருக்குக்குத் தள்ளிவிட்டோம் என்று அறிவித்தார்கள். சனம் முணுமுணுத்துக்கொண்டு திரும்பியது. தூரத்திலிருந்து வந்தவர்களுக்குக் கோபம். நானும் ஏதோ சொன்னேன். அப்போது நீ சொன்னாய்: "அப்பா, எம்ஸ் வழிகாட்டிகள் சிமுலேட்டரில் இந்த ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தவர்கள். போகலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். கரையில் நிற்கிறவர்கள் சொல்லக்கூடாது." அந்த உயரத்துக்கு நிற்கும் கப்பலின் பக்கத்தில் காற்று பட்டால் பாய்மரத்தில் பட்டதுபோலத்தான், இரண்டு பக்கமும் சில மீட்டர் இடைவெளியில் அதை வைத்துக்கொண்டு விளையாட முடியாது என்றும் சொன்னாய். சரியாகச் சொன்னாய். பிறகு அந்தக் கப்பல் போனது. தள்ளிப்போனதை அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அணைக்கரையில் நின்றபோது நினைவு வந்தது, அவ்வளவுதான்.

வைகாசியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்குப் போனோம் என்று உனக்குச் சொன்னேனா? தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடலில் என்று சொன்னேன். பிறேமன் சித்தி பக்கத்தில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வெயிலில் மோர் குடிக்கும்போது, "அண்ணா, தம்பி மெலிந்துவிட்டான்" என்றாள். எப்போது பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. படத்தில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சித்தியின் வீட்டுக்கும் பிறேமன் ரயில் நிலையத்துக்கும் நடுவே நல்ல பாண் கடை ஒன்று இருக்கிறதாம். அதைப் பற்றித்தான் பிறகு கதைத்தாள்.

பெருமைக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. பெருமை இருந்தது, இல்லையென்று சொன்னால் அம்மா சிரிப்பாள். இந்த ஊரில் நான் கேபிள் இழுத்தவன். என் பிள்ளை அந்தக் கேபிள் போய்ச் சேரும் அறையில் நின்று கட்டளை இடுகிறவன் என்று எனக்குள்ளே ஒரு நினைப்பு. அது என் நினைப்பு. உன் தோளில் வைப்பதற்கு அல்ல.

இன்னொன்று. நம் வீட்டில் கடலை விட்டு வந்த முதல் ஆள் நான்தான். உன் அப்பப்பாவும் அவருடைய தகப்பனும் கடலில் இருந்தார்கள், நான் கிழக்கு பெர்லின் வழியாக விமானத்தில் வந்து இறங்கினேன். அதற்குப் பிறகு ஒரு வள்ளத்தில்கூடக் கால் வைக்கவில்லை. ஏ31 சாலை எம்ஸ் ஆற்றுக்கு அடியால் போகிறதே, அந்தச் சுரங்கத்தால் வேலைக்குப் போய்வந்தவன் நான். அப்பப்பா அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரில் கேட்டவர்கள் இருந்தார்கள். அப்பப்பா கேட்கவில்லை.

அது கிடக்கட்டும். உன் பெயருக்கு இங்கே ஒரு கடிதம் வந்திருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உறை. பிரிக்கவில்லை. உன் பெயருக்கு வந்ததை நான் எப்போதும் பிரித்ததில்லை. அம்மா பார்க்குமுன் என் மேசை இழுப்பறையில், முழங்கால் மருந்துச் சீட்டுகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் தவறுதலாகவும் அனுப்புவதுண்டு. ஆனால் இந்த அலுவலகங்கள் நாள் குறித்துப் பதில் கேட்பார்கள், நாள் தவறினால் பணத்தைப் பிடிப்பார்கள், அதனால் அக்காவிடம் சொல்லிப் பதிவுத் தபாலில் அனுப்பவா, இல்லை நீயே வந்து எடுக்கிறாயா என்று மட்டும் சொல். வருகிறாயானால் எந்த ரயில் என்று சொல்லவேண்டியதில்லை. சாவி பழைய இடத்தில். உன் அறையில் அம்மா துணி காயப்போடுகிறாள், வேறு ஒன்றும் மாறவில்லை.

ட்ரெஷர் நெதர்லாந்தின் ஈம்ஸ்ஹாவன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிக் கடல் சோதனை, பிறகு ஒப்படைப்பு. அந்த நாளில்தான் விலையில் ஐந்தில் நான்கு பங்கு.

அம்மா மிளகாய்த்தூள் வறுத்து அரைத்திருக்கிறாள். பருத்தித்துறை வடையும் சுட்டு வைத்திருக்கிறாள். எள்ளுருண்டையும் உண்டு. கப்பலுக்குப் பார்சல் போட்டால் எந்தத் துறைமுகத்தில் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, வடை பழுதாகிவிடும். கரையில் ஒரு விலாசம் இருந்தால் எழுது. நண்பனுடைய விலாசமானாலும் சரி, யாருடையதானாலும் சரி, யார் என்று அம்மா கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். 5 கிலோவைத் தாண்டினால் தபால் கட்டணம் ஏறுகிறது. அதனால் கருவாட்டை இந்த முறை வைக்கவில்லை. கருவாடுதான் வேண்டும் என்றால் எள்ளுருண்டையை எடுத்துவிட்டு வைக்கிறோம், எது வேண்டும் என்று விலாசத்தோடு சேர்த்து எழுது.

அன்புடன்
அப்பா