இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கண்ணா,

அடுத்த தலைமுறை கிராபிக்ஸ் கார்டு வரப்போகிறதாம், அதுவரை பொறுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வரப்போகிறது என்று யாரடா சொன்னது? தயாரிக்கும் கம்பெனியே மாடல் பெயரையும் விற்பனைத் தேதியையும் சொல்லியிருந்தால் பொறு. எங்கோ கசிந்த செய்தி என்றால் அதை நம்பி வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

தேதி சொல்லியிருந்தாலும் அது எந்தக் கார்டுக்கு என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விலை உச்சியில் இருப்பவைதான் முதலில் வரும். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது 2022 அக்டோபரில். 4060 வருவதற்கு அடுத்த ஆண்டு ஜூன் கடைசி ஆகிவிட்டது. 2025-லும் அதே கதைதான்: 5090-உம் 5080-உம் ஜனவரி 30 அன்று, 5060 டிஐ ஏப்ரலில், 5060 மே மாதத்தில். நீ பார்ப்பது 60 வரிசைதானே, அதாவது 4060, 5060 மாதிரி 60-இல் முடியும் நடுத்தர விலைக் கார்டு? அப்படியானால் ஊரெல்லாம் பேசும் தேதியோடு ஏறக்குறைய மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை கூட்டிக்கொள். வந்த புதிதில் அறிவித்த விலைக்குக் கிடைப்பதும் அபூர்வம்.

புதுசு வந்தால் பழசு மலிந்துவிடும் என்ற கணக்கும் எப்போதும் பலிக்காது. 2020 செப்டம்பர் 1 அன்று 3070-ஐ அறிவித்தார்கள். முந்தைய தலைமுறையின் விலையுயர்ந்த கார்டான 2080 டிஐ-யின் வேகம், விலையோ அதில் பாதிக்கும் குறைவு. 2080 டிஐ வைத்திருந்த பலர் பதறிப்போய் வந்த விலைக்குத் தள்ளினார்கள். பிறகு புதிய கார்டு கண்ணிலேயே படவில்லை. கார்டுகளை ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங்கும் சேர்ந்துகொள்ள, தள்ளிவிட்ட பழைய கார்டின் விலையே ஏறியது. அறிவிப்புக்கும் விற்பனைக்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்கள் பழைய கார்டு வாங்குகிறவனுக்கு யோகம், விற்கிறவனுக்கு நஷ்டம். புதுசு கைக்கு வந்து ஓடிப் பார்க்கும்வரை உன் பழைய கார்டை விற்காதே.

இப்போது உன் மெஷினைப் பார். வழக்கமாகத் திணறும் வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வை, அதாவது கிராபிக்ஸ் சிப்பைச் சொடுக்கு. கீழே டெடிகேட்டட் மெமரி (கார்டிலேயே உள்ளது), ஷேர்டு மெமரி (கணினியின் ராமிலிருந்து கடன் வாங்குவது) என்று இரண்டு எண் தெரியும். முதல் எண் நிரம்பி முட்டிக்கொண்டு நிற்க, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் உனக்குத் தேவை அதிக மெமரி உள்ள கார்டு. அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மெமரியில் இடம் இருந்து, ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. கேமில் அது 60 சதவீதத்தில் சோம்பிக்கொண்டிருக்க, படம் மட்டும் திக்கினால் பெரும்பாலும் புராசசர்தான் பின்தங்குகிறது. எந்தத் தலைமுறை கார்டு வாங்கினாலும் தீராது.

மெமரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டாக வருகிறது, சிப் ஒன்றேதான். மெமரி போர்டிலேயே சால்டர் செய்தது, ராம் மாதிரி பிறகு ஒன்றைச் செருக முடியாது. போதாமல் போனால் கேமில் சராசரி வேகம் நன்றாகவே காட்டும், ஆனால் சில நொடிக்கு ஒருமுறை வெட்டும். ரிவ்யூ படிக்கும்போது சராசரியை விட்டுவிட்டு 1 சதவீத லோ என்ற எண்ணை, அதாவது மிக மந்தமான தருணங்களின் வேகத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் ஆமையாக நகரும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

கார்டைச் செருகும் ஸ்லாட்டின் தரம் பிசிஐஇ. உன் மதர்போர்டில் அது பழைய 3.0 என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த 60 வரிசைக் கார்டுகள் ஸ்லாட்டின் 16 லேனில் (தரவு போகும் தடம்) 8-ஐத்தான் பயன்படுத்துகின்றன. மெமரி நிரம்பி வழிவதெல்லாம் அந்தக் குறுகிய பாதையில்தான் போய்வர வேண்டும். ஆகவே 8 ஜிபி கார்டுதான் அதிகம் அடிவாங்கும்.

முந்தைய தலைமுறையை வாங்கினால் டிரைவர் நின்றுவிடுமோ என்று பயப்படாதே. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1000 வரிசைக்கு 2025 அக்டோபர் வரை கேம் டிரைவர் வந்தது. கிடைக்காமல் போவது வேறு வசதிகள்தான்: கார்டே இடையில் படங்களை உருவாக்கிச் செருகும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் 40 வரிசையிலிருந்து, ஒன்றுக்கு மேல் செருகும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் 50 வரிசைக்கு மட்டும். எனக்கு அது ஒரு பொருட்டில்லை, அடிப்படை வேகம் குறைவாக இருந்தால் அது இருந்தும் கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறையாது.

பவர் சப்ளையில் கவனம். ஸ்லாட் 75 வாட் தரும், ஒரு 8 பின் கேபிள் 150 வாட். 180 வாட் கேட்கும் 5060 டிஐ-க்கு ஒரே கேபிள் போதும். மேல் மாடல்களில் வரும் 16 பின் இணைப்பி முழுவதும் உள்ளே போகாவிட்டால் சூடேறி உருகலாம். இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்து, வாயருகே மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு வளைக்காதே. வேறு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதே. கார்டு பக்க முனை ஒன்றுதான், சப்ளை பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போர்டே போய்விடும்.

வாங்கியதும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டு. ஜிபியு-இஸட் என்ற மென்பொருளில் ஆர்ஓபி (படப்புள்ளிகளை எழுதி முடிக்கும் சிப் பகுதிகள்) எண்ணிக்கையை அந்த மாடலுக்குச் சொன்னதோடு ஒப்பிடு. 2025-இல் சில 5090 கார்டுகள் 176-க்குப் பதில் 168-உடன் வந்தன, என்விடியாவே ஒப்புக்கொண்டது.

கேஸின் பின் சுவரிலிருந்து முன் ஃபேன் வரை அளந்து மில்லிமீட்டரில் எழுது, பவர் சப்ளை லேபிளைப் படமெடுத்து அனுப்பு. மாடலைப் பிறகு பேசலாம்.

அம்மா