காலியாக விட்ட கட்டம்

ஹாமில்டன், நியூசிலாந்து
ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வாரத்துக்கு நான்கு தடவை போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதுதான் சிக்கல். நான் ஆரம்பிப்பதற்குள் உனக்குக் கண் கலங்கிவிடும். உடனே நானும் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான்" என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. கேட்கமாட்டேன் என்று எழுந்து போனால் மேசை மேல் வைத்துவிடு, நீ தூங்கியதும் படிப்பார்.

போன வருஷம் குட்டியை இங்கே பாலர் பள்ளியில் சேர்த்தோம் இல்லையா. இங்கே அதைக் கிண்டி என்கிறார்கள். கிண்டர்கார்ட்டன் சுருங்கிக் கிண்டி ஆகிவிட்டது. அப்பாவுக்கு மின்சார ரயில்தான் ஞாபகம் வரும். சேர்க்கும்போது கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. "உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். நீ சொன்னாய், "ஒன்றும் எழுதி வைக்காதே, எழுதினால் சேர்க்கமாட்டார்கள், நாலு பிள்ளைகளோடு பழகினால் தானாகப் பேச்சு வந்துவிடும்" என்று. நானும் காலியாகவே விட்டேன்.

உன்மேல் பழி போடவில்லை அம்மா. நீ சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்கு முன்பே நான் பொய் சொல்லிப் பழகியிருந்தேன். இந்த நாட்டில் ஐந்து வயது வரை பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க நர்ஸ் உண்டு, காசு கிடையாது. அந்த அம்மா, "எத்தனை வார்த்தை சொல்கிறான்?" என்று கேட்டார். "இருபது இருக்கும்" என்றேன். மூன்றுதான். அதிலும் ஒன்று காக்காவா காரா என்று எங்களுக்கே தெரியாது.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. வேறொரு இடத்தில் முதலில் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தோம். சிரித்த முகத்தோடு, "இப்போதைக்கு இடமில்லை" என்றார்கள். அடுத்த வாரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அங்கே இடம் கிடைத்தது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1993லேயே இங்கே மனித உரிமைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் "இடமில்லை" என்ற ஒரு சொல்லை எந்தச் சட்டம் பிடிக்கும்?

சரி, கிண்டிக்கு வருகிறேன். மூன்று வயதிலிருந்து வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மிகாமல், அரசே செலவை ஏற்கிறது. சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பணமும் நேரமும் மிச்சமாகும் என்றுதான் நான் போனேனே தவிர, அவனுக்கு ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையில் போகவில்லை.

நான்காம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தெரிந்துவிட்டது, அனுப்பப் போகிறார்கள் என்று கையெல்லாம் வேர்த்தது. அவர் அந்த விண்ணப்பத்தை எடுத்து வைத்து, "இந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது, பரவாயில்லை, சேர்ந்தே நிரப்பலாம்" என்றார். என்ன குறை என்று அவர் கேட்கவே இல்லை. அவனுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், கோபம் வந்தால் வீட்டில் எப்படி ஆற்றுவீர்கள், யார் மடியில் தூங்குவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினேன். இரண்டு வருஷத்தில் அவனைப் பற்றி நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இந்த நாட்டில் பாலர் கல்விக்கான பாடத்திட்டத்தின் பெயரே பாய்தான், தெரியுமா? இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் 'தெ ஃபாரிக்கி'. 1996ல் வந்தது, 2017ல் திருத்தினார்கள். எழுதியவர்களில் ஒருவரான மார்கரெட் கார் எங்கள் ஊர் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். நான்கு கொள்கையும் ஐந்து இழையும் சேர்த்துப் பின்னிய பாய், அதில் எல்லாருக்கும் இடம் உண்டு என்பதுதான் கணக்கு. பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும் என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிஜப் பாயில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

காலையில் பிள்ளைகள் எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். குட்டி உட்காரமாட்டான். கதவோரம் செருப்பு வைக்கிற அலமாரிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். முதல் நாள் நான் ஓடிப்போய் அவனை இழுத்து என் மடியில் அழுத்தி வைத்தேன். அவன் போட்ட கூச்சலில் பாட்டே நின்றுபோனது. டீச்சர் மெதுவாக, "விடுங்கள், அவன் அங்கிருந்தே கேட்கட்டும்" என்று சொல்லி, ஒரு சின்ன மெத்தையை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். வேறு யாரும் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆறாவது வாரம் போனபோது மெத்தை பாயின் ஓரத்துக்கு வந்திருந்தது. யார் நகர்த்தியது என்று கேட்டேன். அவனேதான், தினம் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று. கழிவறையில் கை உலர்த்தும் மெஷின் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான், கை கழுவவே மாட்டான். நானாக இருந்தால் பழகிக்கொள்ளட்டும் என்றிருப்பேன். அவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு, துண்டு வைத்தார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும். அதற்கப்புறம்தான் தெரிந்தது, இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தச் சத்தம் பயமாம். அவர்களுக்குப் பேச்சு சரளமாக வந்தாலும் ஏனோ அதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று காட்டச் சுவரில் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள்: விளையாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, வெளியே போவது, அம்மா வருவது. முடிந்த படத்தை அவனே பிய்த்து டப்பாவில் போடுவான். அம்மா வருகிற படம் கடைசியில் இருப்பது தெரிந்த பிறகு காலையில் அழுவது பாதியாகக் குறைந்தது. கையால் காட்டும் சைகைகளும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நியூசிலாந்து சைகை மொழி 2006லிருந்து இங்கே ஆட்சி மொழி. நாலு வயசுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அவன் முடிந்தது என்கிறான், ஊஞ்சலை நிறுத்துங்கள்" என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். எனக்கு!

இடையில் ஒரு கோபமும் வந்தது. பிள்ளை என்ன செய்தான், அதில் எதைக் கற்றுக்கொண்டான் என்று படம் வைத்து ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். கற்றல் கதை என்று பெயர். குட்டி குழாய்த் தண்ணீரைச் சல்லடையில் ஊற்றி, அடியில் கைவைத்து, மறுபடி ஊற்றி, அரை மணி நேரம் அதையே செய்ததை ஒரு ஆராய்ச்சி போல எழுதியிருந்தார்கள். பேசவில்லை, யாரோடும் சேரவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. ஏமாற்றுகிறார்கள், குறையை மூடி மறைக்கிறார்கள் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மறைத்தது யார் என்பது அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது.

டாக்டர் பார்த்துப் பெயர் சொன்னது அதற்குப் பல மாதம் கழித்து. ஆட்டிசம், அம்மா. மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, நாங்களே சொல்கிறோம். நல்லவேளையாக, கிண்டியில் அந்தப் பெயர் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எது தேவையோ அதை முதலிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மாவோரி மொழியில் ஆட்டிசத்துக்கு ஒரு சொல் உண்டு: தகிவாதங்கா. கெரி ஓபாய் என்பவர் உருவாக்கியது. 'தனக்கே உரிய நேரத்திலும் இடத்திலும்' என்று பொருள். உன் மாப்பிள்ளைக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரித் தாளை மடித்து வைத்துவிட்டு இந்தச் சொல்லை மட்டும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே. அவனுக்கென்று கூடுதலாக ஒரு ஆள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம், கிடைத்ததும் வாரத்தில் சில மணி நேரம்தான். பழகிய டீச்சர் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன மாதம் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டான். அந்தத் தாய் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, கடிபட்டது அவள் பிள்ளை.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பும் என்று இங்கே யாரோ தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, ஒரு வருஷம் அவனோடு தமிழ் பேசுவதையே நிறுத்தியிருந்தோம். உன்னையும் போனில் இங்கிலீஷில் பேசச் சொன்னேன். நீ தட்டுத் தடுமாறி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாய். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு மொழியால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லையாம். உங்கள் மனசுக்கு எந்த மொழி சரளமோ அதில் பேசுங்கள் என்றார். என் பிழை அது, உன் பேரனை உன்னிடமிருந்து ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டேன்.

கிண்டியில் தமிழ்ச் சொற்கள் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: வா, தண்ணி, போதும், வலிக்குது. 'போதும்' அவர்கள் வாயில் 'போடும்' ஆகிவிடுகிறது. எதைப் போடுவது என்று அவன் முழிக்கிறான். பாட்டி குரலில் ஒரு தாலாட்டு கிடைக்குமா என்றும் கேட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் சொன்னார்கள், தங்கள் மொழி அழிந்துபோகிறது என்று மாவோரி மக்கள் 1982ல் 'கோஹங்கா ரியோ' என்று மழலையர் பள்ளிகள் ஆரம்பித்தார்களாம். மொழிக் கூடு என்று பொருள். அங்கே பிள்ளைகளிடம் மொழியைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் தாத்தா பாட்டிகள்தான். அதனால் பாட்டி குரலின் அருமை இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, தமிழிலேயே பேசு. "சொல்லு, பாட்டி சொல்லு" என்று மட்டும் கேட்காதே. அவன் கையில் எது இருக்கிறதோ அதைப் பற்றி நீ ஒரு வரி சொல்லு, பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணு. பதில் வராவிட்டால் இன்னொரு வரி. பத்து எண்ணுவது உனக்குக் கஷ்டம் என்று தெரியும், எனக்கும்தான்.

நவம்பரில் ஐந்து வயது முடிகிறது. இங்கே ஐந்தாம் பிறந்தநாளிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், ஆறு வயது வரை பொறுக்கவும் செய்யலாம். எதுவென்று இன்னும் முடிவு செய்யவில்லை. விண்ணப்பம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம். அதிலும் அதே கட்டம் இருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன், இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.

தாலாட்டை வியாழக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு, எனக்குப் பாடினாயே, அதே பாட்டு. மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்துப் பாடு, அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது.

அன்புடன்,
உன் மகள்