தலைச்சுமையை இறக்கி வை

மஸ்கெலியா,
பெப்ரவரி 9

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். இங்கே எல்லாரும் சுகம். பனி இன்னும் விடவில்லை. இராத்திரியில் வாசலுக்கு வந்தால் சிவனொளிபாத மலையில் படி விளக்குகள் மாலை போட்ட மாதிரி தெரிகின்றன. நல்லதண்ணி ரோட்டில் யாத்திரை பஸ்கள் விடிய விடிய ஓடுகின்றன.

ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, விறகுக்குப் போய் வந்த அன்றிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை, இடது கை விரல்கள் மரத்துப் போகின்றன என்று, அது என்னைத் தூங்கவிடவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதே புள்ள. வலி என்றால் நாலு நாள் பார்க்கலாம். விரல் மரத்துப் போனால் கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு நாள் பேரும் சம்பளமும் போனால் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வா.

எனக்கு மூன்று வருஷத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டதை உனக்கு எழுதவே இல்லை. காஸ் சிலிண்டர் 4800 ரூபாயைத் தாண்டின 2022ஆம் வருஷம், லயத்து வீடுகளில் காஸ் வைத்திருந்தவர்களும் விறகடுப்பைத் தேடிப் போனார்கள். அப்போது ஏறிய விறகு இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை. கவ்வாத்து வெட்டு முடிந்த தேயிலை மலையில் மிலாறுக் குச்சி பொறுக்கி, மூன்று கட்டாகக் கட்ட வேண்டியதை ஒரே கட்டாகக் கட்டித் தூக்கினேன். இரண்டு நடை நடக்கச் சோம்பல் இல்லை, இருட்டுகிறதே என்ற அவசரம். பாதி இறக்கத்தில் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. பதினொரு நாள் படுக்கை.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பிள்ளை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது. நம் அம்மாமார் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், விறகு தூக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் தூக்கினார்கள், பார்த்து நாமும் தூக்கினோம். கொழுந்துக்குக் கிலோ கணக்கு உண்டு, பேர் உண்டு. விறகுக்கு ஒன்றும் இல்லை. கணக்கில் வராத வேலை என்பதால்தான் அதை இலேசாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அவள் கேட்டது, "எத்தனை மணிக்கு விறகு வெட்டுகிறீர்கள் அம்மா?" விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் வெட்டுவேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். இராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நீர் ஊறிப் பருத்துவிடுமாம். அதனால்தான் மனிதர் காலையில் இருப்பதைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குள்ளமாகிவிடுகிறார்கள். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அந்தப் பருத்த வட்டுகள்மேல் மற்ற நேரத்தைவிட அதிக அழுத்தம் விழும். நாம் சரியாக அந்த நேரத்தில்தான் குனிந்து கட்டையைத் தூக்கி வந்திருக்கிறோம், இத்தனை வருஷமாக! இப்போது நான் சாயந்தரம், ஒரு தேத்தண்ணி குடித்து, கொஞ்சம் நடந்த பிறகுதான் கோடாலியைத் தொடுகிறேன்.

அப்புறம் சுமை. சின்னவள் போனில் ஒரு விஷயம் வாசித்துக் காட்டினாள். கென்யாவில் லுவோ பெண்கள் தலையிலும், கிக்குயு பெண்கள் நெற்றியில் பட்டி மாட்டி முதுகிலும் சுமப்பார்கள். 1986இல் அவர்களை வைத்து ஆராய்ந்தபோது, தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும் மூச்சும் சக்தியும் கூடுதலாகச் செலவாகவில்லை, அதற்கு மேல்தான் ஏறத் தொடங்கியது என்று கண்டார்களாம். நீ ஐம்பது கிலோ என்றால் பத்துக் கிலோ. நாம் கட்டும் கட்டு எவ்வளவு? கடைத் தராசில் ஒருமுறை என் கட்டை வைத்துப் பார்த்தேன், இருபத்தெட்டு! அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம் எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் தூக்கும் எடைக்கு 23 கிலோவைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதுவும் சமதரையில், உடம்போடு ஒட்டிப் பிடித்து, திரும்பாமல் தூக்கும்போது. நாம் தூக்குவது வழுக்கும் மண்படியில், அட்டைக்குக் காலை உதறிக்கொண்டு.

ஆகவே கட்டைச் சின்னதாகக் கட்டு. ஒரே நடையில் கொண்டு வரும் ஆசையை விடு. சின்னக் கட்டு என்றால் சும்மாடு வைத்துத் தலையில் போட்டாலும் கழுத்து தாங்கும், சாக்கில் போட்டு முதுகில் மாட்டினாலும் சரி. நீ இப்போது இருக்கும் நிலையில் தலையில் ஒரு குச்சிகூட வைக்காதே, முதுகில் கொண்டு வா. கூடைக் கயிறு மாதிரி தலையில் மாட்டாமல், இரண்டு தோளிலும் பட்டி வரும்படி தைத்துக்கொள். இறக்கத்தில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் தேய்வதோ இறக்கத்தில்தான். மேலிருந்து கட்டையை உருட்டிவிடும் பழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு என்று தெரியும். அது வேண்டவே வேண்டாம். கீழே பிள்ளைகள் வரும் பாதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபாயம், ஈரத்தைச் சுமக்காதிருப்பது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். போன வருஷம் காற்றில் ஒரு சவுக்கு மரம் விழுந்தது. தோட்டத்தில் அனுமதி வாங்கி, மகன் அதை அங்கேயே துண்டாக அரிந்து, பிளந்து, கல்லின்மேல் அடுக்கிவிட்டு வந்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காய்ந்தது. பிறகு தூக்கினால் அதே துண்டு கையில் பஞ்சு மாதிரி இருந்தது. பிளக்கும் வேலையை மட்டும் பச்சையிலேயே முடித்துவிட வேண்டும். யூக்கலிப்டஸ் காய்ந்தால் இரும்பாகிவிடும், கோடாலி திரும்பி வரும். ஈரத்தில் ஒரே போடு. மே மாதம் தென்மேல் மழை பிடித்தால் பிறகு ஒன்றும் காயாது. எனவே இந்த மாதத்துக்குள் வெட்டிப் போட்டுவிடு, மற்றவை மெதுவாக நடக்கட்டும்.

மிலாறை முழங்காலில் வைத்து முறிப்பதை நிறுத்திவிட்டேன். தேயிலைக் குச்சி நன்றாக எரியும், ஆனால் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதை இடுப்பு உயரத்தில் வைத்து மரம் அறுக்கும் வாளால் அரிகிறேன். இரண்டிரண்டு கட்டையைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காக அடித்து, அந்த இரண்டையும் ஒரு சட்டத்தால் இணைத்தால் போதும், நடுவில் மரத்தை வைக்கலாம், குனியவே வேண்டாம். சல்லிக் குச்சியையும் இலையையும் மலையிலேயே விட்டு வா. மண்ணுக்கு அதுதான் உரம், நமக்கு வீண் சுமை.

பிளப்பதற்கு அடிக்கட்டை ஒன்று வேண்டும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் உயரத்தில். தரையில் வைத்து வெட்டினால் முதுகு வளையும், குறி தப்பினால் கோடாலி காலுக்கு வரும். அடிக்கட்டைமேல் ஒரு பழைய டயரைப் பொருத்து. அதற்குள் துண்டை நிறுத்தி வெட்டினால், பிளந்தவை நாலா பக்கமும் சிதறாமல் டயருக்குள்ளேயே நிற்கும். ஒவ்வொரு போடுக்கும் குனிந்து பொறுக்கிய வேலை போய்விட்டது. இந்த ஒன்றுக்காகவே என் இடுப்பு எனக்கு நன்றி சொல்கிறது. பெரிய துண்டை நடுவில் அடிக்காதே, ஓரத்திலிருந்து சீவிக்கொண்டு வா. இயல்பாகவே வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கோட்டில் போடு. கணு இருந்தால் அதை மோதாமல் ஆப்பு அடித்துப் பிள. கோடாலி இறங்கும்போது முழங்காலும் கூடவே மடங்கட்டும், அதன் எடையே வேலை செய்யும், தோள் இழுக்க வேண்டியதில்லை.

கோடாலித் தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பாயே, அதைச் செய்யாதே. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்பைவிட ஆடும். பிடிக்குள் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும்.

அடுக்குவதைக் கடைசி என்று அலட்சியமாகச் செய்யாதே. நான் படுக்கையில் கிடந்ததற்குப் பிறகும் ஒருமுறை இடுப்பு பிடித்தது அடுக்கும்போதுதான். கையில் விறகோடு காலை நட்டு வைத்து உடம்பை மட்டும் திருப்பினேன். இப்போது பாதத்தோடு சேர்த்துத் திரும்புகிறேன். கனமான துண்டுகளை இடுப்பு உயரத்தில் வைத்து, இலேசானதைக் கீழேயும் மேலேயும் வைக்கிறேன். அடுக்கு மார்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது, பிள்ளைகள் ஏறுவார்கள். வாசல் இஸ்தோப்பில் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, அடியில் கல் போட்டு, மேலே தகரம் மூடி, பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன். காற்று ஓடினால்தான் காயும். காய்ந்த விறகு வந்ததிலிருந்து குசினியில் புகை குறைந்துவிட்டது. அவருடைய இருமலும் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் மகன்கள் இரண்டு பேரும் இளந்தாரிகள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போகிறவர்களுக்கு விறகு அரிய ஒரு மணி நேரம் இல்லாமல் போகாது. நீ வாய் திறந்து கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்தால்கூடக் கேட்காமல் அழுதுகொண்டிருந்தவள் நீ. இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடு, என் பேரில் வாசிக்கச் சொல்.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எல்லாருமாக வாருங்கள். வரும்போது உன் கோடாலியைப் பையில் சுற்றிக் கொண்டு வா, மகன் புதுப் பிடி போட்டுத் தருகிறேன் என்கிறான். டாக்டர் கழுத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று அதற்கு முன்பே ஒரு வரி எழுது.

உன் அன்புத் தோழி