எட்டுப் பாட்டில் எது முதல்?

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ரிமெயின் இன் லைட்' இசைத்தட்டின் எட்டுப் பாட்டுகளையும் வரிசைப்படுத்தி, 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' முதலிடம், 'லிசனிங் விண்ட்' ஏழாமிடம், 'தி ஓவர்லோட்' எட்டாமிடம் என்று போட்டிருக்கிறாய். முதலிடத்தைப் பற்றி உன்னோடு வாதாட வேண்டும். ஏழாமிடத்தைப் பற்றிச் சண்டையே போட வேண்டும். உன் தம்பி மகனின் குழு இதில் எந்தப் பாட்டை மேடையில் வாசிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கும் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நீ இந்தப் பாட்டுகளை மெட்டை வைத்து அளந்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. எந்தப் பல்லவி மனதில் ஒட்டுகிறதோ அது மேலே, ஒட்டாதது கீழே. டாக்கிங் ஹெட்ஸின் முதல் இரண்டு தட்டுகளுக்கு அந்த அளவுகோல் சரி. இதற்குச் சரிவராது, காரணம் இது உருவான விதம். 1980 கோடையில் பஹாமாஸின் தலைநகர் நாசாவிலுள்ள காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் போனபோது கையில் எழுதி முடித்த பாட்டு எதுவும் இல்லை. ஒருவர் ஒரு சின்னத் துணுக்கை விடாமல் வாசிப்பார். அதன் இடைவெளியில் பொருந்துகிற இன்னொரு துணுக்கை மற்றவர் வாசிப்பார். இப்படி அடுக்கடுக்காக டேப்பில் ஏறியது. பிறகு கலவை மேசையில் (மிக்ஸரில்) எந்தத் தடத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானித்தார்கள். பாட்டின் வடிவம் பெரும்பாலும் அங்கேதான் பிறந்தது. வரிகளும் குரலும் கடைசியில் நியூயார்க்கின் சிக்மா சவுண்ட் கூடத்தில் சேர்ந்தன.

கணினியில் ஒரு துணுக்கை வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி அன்றைக்கு இல்லை என்பதை மறந்துவிடாதே. நிமிடக்கணக்கில் ஒரே துணுக்கைக் கையால் வாசித்தார்கள். அதனால்தான் எத்தனையாவது சுற்றிலும் அது செத்துப் போவதில்லை. டீனா வேமத்தின் பாஸ் கிடாரிலும் கிறிஸ் ஃபிராண்ட்ஸின் டிரம்ஸிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் மயிரிழை அளவு வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கிறது. நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியின் ஆஃப்ரோபீட் அவர்களுக்குக் கொடுத்த பாடமும் இதுதான்: கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற வேண்டாம், அடுக்கு மாறினால் போதும். முந்தைய ஆண்டு வந்த அவர்களுடைய 'ஐ ஸிம்ப்ரா' பாட்டில் விதை தெரியும். முளைத்தது இங்கே.

ஆகவே என் அளவுகோல் இது: அடுக்குகள் மட்டுமே எவ்வளவு தூரம் ஒரு பாட்டைத் தூக்கிக்கொண்டு போகின்றன? அந்தக் கணக்கில் 'தி கிரேட் கர்வ்' முதலிடம். ஆறு நிமிடத்துக்கும் மேல், கிட்டத்தட்ட ஒரே கார்டு. ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. எப்படி என்று குரல்களைக் கேள். குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் பாடுகிற வரி ஒன்று. அதற்குப் பதில் சொல்வது போலக் கூட்டுக்குரலில் ஒரு சின்ன வரி, அதன் மேல் நீண்ட ஸ்வரங்களில் இன்னொரு வரி. முதலில் தனித்தனியாக அறிமுகமாகும் இவை பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால் முழுப்பாட்டிலும் எல்லோரும் சேர்ந்து நிற்கிற இடமே இல்லை. விருந்தினராக வந்து பாடிய நோனா ஹெண்ட்ரிக்ஸின் குரல் இந்தத் தட்டுக்குக் கொடுத்த உடலை இங்கேதான் முழுசாக உணரலாம். பிறகு விருந்தினர் ஏட்ரியன் பெலுவின் கிடார் இரண்டு முறை பாய்கிறது. அந்தச் சத்தத்தை மிருகம் என்பதா, இயந்திரம் என்பதா? இவ்வளவு அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு மேலே வர அப்படி ஒரு சத்தத்தால்தான் முடியும்.

'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' மோசம் என்று சொல்லவில்லை. இந்தத் தட்டிலேயே மிக நல்ல பல்லவி அதில்தான். அந்தப் பாட்டு கிட்டத்தட்டக் கைவிடப்பட இருந்தது. கார்டு மாற்றம் போதவில்லை என்று தட்டின் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுக்கே நம்பிக்கை போய்விட்டதாம். பைர்ன்தான் வரி எழுதிக்காட்டுகிறேன் என்று விடாமல் நின்றார். ஈனோ வார்த்தையில்லாமல் முனகிய மெட்டு பல்லவியாயிற்று. வானொலி மதப்பிரசங்கிகளின் பேச்சு நடையைப் பைர்ன் சரணத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, அடுக்குகள் தாமாகப் போதாமல் மெட்டு வந்து காப்பாற்றிய பாட்டு அது. அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கிறது, அதனாலேயே எனக்கு இரண்டாமிடம்.

ஆனால் அதில் ஒரு விஷயத்துக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன். அந்த பாஸ் துணுக்கைக் கேட்டபோது ஈனோ மூன்றாவது அடியை முதல் அடி என்று எடுத்துக்கொண்டார். குழு ஓரிடத்தில் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) வைக்க, தயாரிப்பாளர் வேறிடத்தில் சமம் வைத்துத் தாளம் போட்டார். நம் கச்சேரிகளில் பாட்டின் தொடக்கமான எடுப்பு சமத்தில் இல்லாமல் தள்ளி விழும்போது கேட்பவர் கை ஒரு கணம் தடுமாறுமே, அதே தடுமாற்றம். இதைத் திருத்துவதற்குப் பதிலாக இரண்டு கணக்கையும் ஒன்றாக ஓட விட்டார்கள். அதனால் சரணத்தில் தரை கொஞ்சம் நழுவுகிறது. பல்லவி வந்ததும் கால் பாவுகிறது. பாட்டின் மனிதன் தன் வீட்டையும் மனைவியையும் பார்த்துத் திகைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தாளம் கிடைக்காது. இதை உன் கையாலேயே சோதிக்கலாம். பாட்டு தொடங்கியதும் நான்கு நான்காக எண்ணித் தட்டு. முதல் பல்லவிக்குப் பிறகு நிறுத்தி, பாஸை மட்டும் பின்பற்றி இரண்டு அடி தள்ளி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு. இரண்டு கணக்கும் ஓடும்.

உன் பட்டியலை மாற்றுவதற்கு முன் இன்னும் சில சோதனைகள் செய்து பார். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் இந்தத் தட்டைத் தீர்ப்பளிக்காதே. பாஸ் காணாமல் போனால் மிஞ்சுவது கிடார் சுரண்டலும் குரலும்தான், எட்டுப் பாட்டும் ஒன்று போலவே ஒலிக்கும். நல்ல ஹெட்ஃபோனில் முதல் சுற்றில் பாஸை மட்டும் பிடித்துக்கொள். அடுத்த சுற்றில் கைத்தாள வாத்தியங்கள், மூன்றாவதில் குரல்கள். பாட்டுக்கு மூன்று முறை போதும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்து; சத்தம் கூடிய பதிப்புதான் நல்லது என்று காது எப்போதும் பொய் சொல்லும். 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பலருக்கு முதலிடமானதற்கு 1984-இல் வந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்ற அவர்களுடைய கச்சேரிப் படத்தின் மேடைப் பதிப்பு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கண்ணால் பார்த்த பைர்னையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறோம். தட்டை மட்டும் தீர்ப்பளிப்பதானால் தட்டை மட்டும் கேள்.

வினைலில் கேட்பதாகச் சொன்னாய். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் பக்கத்தில் மூன்று பாட்டு, சுமார் 17 நிமிடம். இரண்டாம் பக்கத்தில் ஐந்து, சுமார் 23 நிமிடம். தட்டு சுழலும் வேகம் மாறாவிட்டாலும் விளிம்பில் ஊசியின் கீழே வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளுக்கு அருகில் அது 20 சொச்சமாகக் குறைந்துவிடும். அங்கே உயர்ந்த ஒலிகள் நெருங்கி, 'ஸ' ஒலி சிதறும், குரல் கரகரக்கும். 'தி கிரேட் கர்வ்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. 17 நிமிடப் பக்கம் என்பதால் லேபிளை ஒட்டி வரை போக வேண்டியதில்லை என்றாலும், ஊசி தேய்ந்திருந்தாலோ அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணம் தவறியிருந்தாலோ அந்தக் கூட்டுக்குரல் மொத்தமும் மணல் கொட்டியது போலாகிவிடும். நீ அதை மூன்றாமிடத்துக்குத் தள்ளியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஊசியைப் பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாகத் துடை, ஊசியின் அழுத்தம் கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் சொன்ன அளவில் இருக்கிறதா என்று சின்னத் தராசில் பார், கோணத்தை அளவு அட்டையில் சரிசெய். அதற்குப் பிறகும் மூன்றாமிடம்தான் என்றால் வாதாடலாம்.

இரண்டாம் பக்கம் தொய்கிறது என்கிறாய். தொய்யவில்லை, மெல்ல இறங்குகிறது. 'ஹவுசஸ் இன் மோஷன்' பாட்டில் ஜான் ஹாசலின் ட்ரம்பெட் மனிதக் குரல் போலவும் யானைப் பிளிறல் போலவும் வந்து போகிறது. 'சீன் அண்ட் நாட் சீன்' பாட்டே இல்லை, பேச்சு. தன் முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைத்து நினைத்தே மாற்றிக்கொள்ள முயலும் ஒருவனைப் பற்றியது. அதை ஆறாமிடத்தில் வைத்திருக்கிறாய், சரி. 'தி ஓவர்லோட்' கடைசி என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலக் குழுவைக் கேட்காமலே, அவர்களைப் பற்றிப் படித்ததை வைத்து அவர்களைப் போல ஒன்றைச் செய்ய முயன்றதாகச் சொல்வார்கள். யோசனை சுவையானது, ஆனால் ஆறு நிமிடம் நீளம்.

'லிசனிங் விண்ட்' ஏழாமிடம் என்பது மட்டும் அநியாயம், பாஸ்கர். மொஜீக் என்பவன் தன் ஊருக்கு வந்து குடியேறிய அமெரிக்கர்களைப் பார்க்கிறான். குண்டு செய்து வைக்கிறான். பாட்டு அவனைக் கண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. காற்று அவனோடு பேசுவதை மட்டும் கேட்கிறது. ஒரு அமெரிக்கக் குழு 1980-இல் இப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது எவ்வளவு துணிச்சல் என்று யோசி. இசையிலும் ஒரு நிதானம்: தாள வாத்தியங்கள் ஒருபோதும் வெடிக்கவில்லை. வெடிக்கப் போகிறது என்று காத்திருக்க வைத்து, வெடிக்காமலே முடிகிறது. என் பட்டியலில் மூன்றாமிடம் இதற்குத்தான். 'பார்ன் அண்டர் பஞ்சஸ்' நான்காவது. நடுவில் வரும் அந்தப் பழுதான கணினி போன்ற கிடார்க் கொத்தலுக்காகவே இன்னும் மேலே போட்டிருக்கலாம். 'கிராஸ்ஐட் அண்ட் பெயின்லெஸ்' ஐந்தாவது. உண்மைகளைப் பற்றி அடுக்கிக்கொண்டே போகும் அதன் பேச்சுப் பகுதிக்குக் கர்டிஸ் ப்ளோவின் ராப் தூண்டுதல். அந்த ஒரு நிமிடம் நெருப்பு. மற்றது நல்ல ஓட்டம், அவ்வளவுதான்.

இனி பையன்களின் விஷயம். ஐந்து பேர் என்றால் 'தி கிரேட் கர்வ்' வேண்டாம். டாக்கிங் ஹெட்ஸே நான்கு பேராக இதை மேடையேற்ற முடியாமல் அந்த ஆண்டின் பயணத்துக்கு ஒன்பது பேரானார்கள். இரண்டு பாஸ், ஃபங்கடெலிக் குழுவிலிருந்து பெர்னி வொர்ரெல் கீபோர்டில், ஸ்டீவ் ஸ்கேல்ஸ் கைத்தாளத்தில், கிடாருக்கு பெலு. குரல் மூன்று தேவை. மூவரும் வேறு வேறு வரி பாடிக்கொண்டே தாளம் தவறாமல் நிற்க வேண்டும். முதலில் சரிவது அங்கேதான்.

'கிராஸ்ஐட்'டைச் சொல்லிக்கொடு. டிரம்ஸ், பாஸ், இரண்டு கிடார், ஒரு கீபோர்டு. பாடுபவர் அவர்களில் ஒருவர். முதலில் டிரம்ஸும் பாஸும் மட்டும், தாளம் எண்ணித் தரும் மெட்ரோனோம் வைத்து, பத்து நிமிடம் நிற்காமல். அதில் சலிப்பு வந்தால் அந்தப் பையனுக்கு இந்தப் பாட்டு உதவாது. பிறகு ஒவ்வொருவராகச் சேரட்டும். சேருபவர் தன் துணுக்கை மற்றவர் வாசிக்காத இடத்தில் வைக்க வேண்டும். வழக்கமாகக் கெடுவது இரண்டு: எல்லோரும் முதல் அடியில் ஓங்கி அடிப்பார்கள், அடுக்குகள் ஒட்டி ஒரே சுவராகிவிடும். அல்லது உற்சாகத்தில் வேகம் ஏறும், பேச்சுப் பகுதி வரும்போது பாடுபவருக்கு வாய் சுற்றாது. கிடார்காரருக்கு ஒரே விதி: தந்திகளை இடது கையால் அமுக்கி, ஸ்வரத்தைவிடத் தட்டுச் சத்தம் அதிகம் வரும்படி வாசிக்கட்டும், ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வேண்டாம். மேடையில் ஒருவர் கைகாட்டி யார் நிறுத்துவது, யார் தொடர்வது என்று சொல்ல வேண்டும்; கலவை மேசையின் வேலையை அவர் கை செய்யும். முடிவையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளச் சொல். தட்டில் பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் அப்படி மறைய முடியாது. டிரம்ஸைத் தவிர எல்லோரும் ஒரே சைகையில் நின்று, நான்கு சுற்று டிரம்ஸ் மட்டும் ஓடி, ஐந்தாவதின் முதல் அடியில் எல்லோரும் ஒரே ஒரு தட்டு.

2006 மறுவெளியீட்டில் சேர்த்த நான்கு முடிக்காத பதிவுகள் உன்னிடம் இருக்கிறதா? 'ரைட் ஸ்டார்ட்' என்பது 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டின் முந்தைய நிலை. பல்லவி வருவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு உன் முதலிடத்தை மறுபடி யோசி. ஆஞ்சலிக் கிட்ஜோ 2018-இல் முழுத் தட்டையும் தன் வழியில் பாடியதையும் சேர்த்துக் கேள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் பிறந்தவர் கையில் அந்தத் தாளங்கள் வந்த வழிக்கே திரும்பிப் போகின்றன.

திருத்திய பட்டியலை அனுப்பு. 'லிசனிங் விண்ட்' ஐந்துக்குக் கீழே இருந்தால் காரணத்தையும் ஒரு பக்கம் எழுது.

அன்புடன்,
முரளி