ரெஞ்ச் சொன்னது சரிதான்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேற்றுதான் அனுமதி கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி, அவளிடம் மறக்காமல் சொல்.

சரி, பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் தடவிய பழைய கறுப்பு போல்ட்டுகளை எடுத்துவிட்டு, துருப்பிடிக்கக் கூடாதே என்று கால்வனைஸ் செய்ததை, அதாவது துத்தநாகம் பூசியதை, போட்டிருக்கிறாய். அதே 12 மி.மீ. அளவு, அதே 8.8 வலிமைத் தரம், அதே 86 நியூட்டன் மீட்டர் முறுக்கு (டார்க்). முறுக்கு அந்த அளவை எட்டியதும் டார்க் ரெஞ்ச் ஒவ்வொன்றிலும் கிளிக் கொடுத்தது. ஆனாலும் ஒரு மாதத்தில் மூன்று நட் தளர்ந்துவிட்டன. ரெஞ்ச் பொய் சொல்கிறதா என்று கேட்கிறாய். இல்லை, முறுக்கை அது சரியாகத்தான் அளந்தது. உனக்குத் தேவை பிடிப்பு விசை. அதை அந்த ரெஞ்சால் பார்க்க முடியாது.

நீ கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிப்பரப்பு வாஷரில் உரசுவதற்கே செலவாகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்குள் போய்விடுகிறது. மிஞ்சும் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது. 50 மி.மீ. நீள இணைப்பில் அந்த நீட்சி 0.1 மி.மீ. அளவுதான், ஒரு தலைமுடியின் பருமன்! இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். உராய்வு கொஞ்சம் கூடினாலும் அந்தப் பத்திலிருந்துதான் பறிபோகும்.

உன் போல்ட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறுக்கை விட்டத்தாலும் உராய்வுக் காரணியாலும் வகுத்தால் விசை வரும். பழைய போல்ட்டில் காரணி 0.2 என்றால் 86 நியூட்டன் மீட்டருக்கு 36 கிலோ நியூட்டன். உலர்ந்த சொரசொரப்பான துத்தநாகப் பூச்சில் காரணி 0.3 வரை போனால் 24தான் மிஞ்சும். பிடிப்பு குறைந்ததும் அதிர்வில் பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கும், வழுக்கும்போது நட் தானாகவே கழலும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதைச் சோதனையில் காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போட்டால் சரியாகும் என்று நினைக்காதே.

எதிர்ப்பக்கத்துத் தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு மோட்டார் அடித்தளத்தில், கழற்றும்போது சிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், மாலிப்டினம் கலந்த மசகுப் பசையை மரையிலும் நட்டின் அடியிலும் தாராளமாகத் தடவினேன். முறுக்கு அளவை மட்டும் மாற்றவில்லை. இரண்டு போல்ட்டுகள் இடுப்பு ஒடுங்கி நீண்டுபோயின. காரணி 0.12 ஆனால் அதே 86-க்கு 60 கிலோ நியூட்டன் வரும். அந்த போல்ட் 54-இலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அன்றிலிருந்து, எந்தப் பூச்சு, எந்த மசகு என்று பக்கத்தில் எழுதாத முறுக்கு அளவை நான் நம்புவதே இல்லை.

அப்புறம், தளராத நட்டுகளை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது அசையாமலே கிளிக் வந்தது என்று ஆறுதலாக எழுதியிருந்தாய். அந்த ஆறுதல் வேண்டாம். நின்றுவிட்ட நட்டை மறுபடி அசைக்க, ஓடிக்கொண்டிருக்கும் நட்டைத் திருப்புவதைவிட அதிக முறுக்கு தேவைப்படும். உள்ளே பிடிப்பு குறைவாக இருந்தாலும் கிளிக் வரும். அந்த நட்டுகளையும் கழற்றிவிடு.

மெழுகுப் பூச்சுடன் வரும் கால்வனைஸ் நட் கிடைத்தால் அதையே வாங்கு. தயாரிப்பாளர் அந்தப் பூச்சுக்குக் கொடுக்கும் முறுக்கு அளவைக் கேட்டு வாங்கிக்கொள், 86-ஐ மறந்துவிடு. ஒருமுறை இறுக்கிய நட்டைத் திரும்பப் போடாதே; துத்தநாகம் உரசி உரிந்த பிறகு உராய்வு ஒவ்வொரு முறையும் ஏறும். நீ திருப்பும் பக்கம் எப்போதும் நட்டாகவே இருக்கட்டும், போல்ட்டின் தலையைத் திருப்பினால் கணக்கு மாறும். இவ்வளவு செய்தாலும் டார்க் ரெஞ்சில் 25 சதவீதம் கூடலாம், குறையலாம். அது போதாத இடமென்றால், பாகங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டும்வரை இறுக்கிய பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்பும் முறைதான் எனக்கு நிம்மதி.

கழற்றும்போது ஒரு வேலை செய். ஒவ்வொரு நட்டின் அடிப்பரப்பையும் வெளிச்சத்தில் பார். துத்தநாகம் வளையமாகச் சுரண்டப்பட்டிருக்கிறதா, மரையில் பொடி உதிர்கிறதா என்று எழுது. பதில் வந்ததும் மீதியைப் பேசலாம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்