வழி சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். போன வருஷம் பி.இ. முடித்து, இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அம்மா மகளிர் குழுவில் வாங்கியிருந்த கடனைப் போன மாதம் கட்டி முடித்தோம். அந்தக் கடன் என் படிப்புச் செலவுக்காக வாங்கியது. அது முடிந்த கையோடு, கை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் 2021-இல் பிளஸ் டூ முடித்தேன். கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த வருஷம்தான், நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு சட்டமானது. அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அதில் படித்தவள் நான். இதற்காகப் பல வருஷம் பேசியவர்கள், எழுதியவர்கள், சட்டசபையில் கை தூக்கியவர்கள் எல்லோருக்கும் என் முதல் நன்றி.

ஆனால் இந்தச் சேதி எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் வந்தது ஒரு ஏஜென்ட். ரிசல்ட் வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியின் நோட்டீஸோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "சீட் உறுதி, ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் குடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்பவர், ஊரடங்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். வீடு தேடி வந்து ஒருவர் மரியாதையாகப் பேசும்போது இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் கணக்கு டீச்சர் அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால் சான்றிதழ்கள் கைமாறியிருக்கும். "அண்ணா, ஒரிஜினலை யார் கையிலயும் குடுக்காதீங்க. கவுன்சிலிங்ல போட்டுப் பார்ப்போம், அவசரப்படாதீங்க" என்றார். பிறகு ஒதுக்கீடு பற்றிப் பேப்பரில் வந்தபோது அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். டீச்சர், நீங்கள் சம்பளம் வாங்குகிற வேலை பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் செய்தது எல்லாம் எனக்காகச் செய்தது.

அடுத்து எங்கள் பக்கத்து இ-சேவை மையத்து அக்கா. வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி என்று ஆளுக்கொரு சான்றிதழ் சொன்னார்கள். அக்கா முதலில் எல்லாக் காகிதத்தையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் என் டி.சி.யில் வேறு மாதிரியும் இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். "இதை இப்பவே சரி பண்ணிடலாம், இல்லன்னா வி.ஏ.ஓ. கிட்ட போய் நிக்கும்" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த ஓர் எழுத்தில்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது, கடைசி தேதியும் தாண்டிவிடுகிறது. எனக்கு அது நடக்காமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

டீச்சரின் பழைய மாணவி ஒரு அக்கா, நான் அதுவரை முகம்கூடப் பார்த்திராதவர், போனிலேயே எனக்குச் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவது எப்படி என்று, சொல்லிக் கொடுத்தார். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று கட் ஆஃப் போடுவதிலிருந்து ஆரம்பித்தார். நான் கிடைக்கும் என்று நினைத்த கல்லூரிகளை மட்டும் மேலே எழுதி வைத்திருந்தேன். "கிடைக்குமான்னு பார்க்காத பாப்பா. பிடிச்சதை மேல போடு. அது இல்லன்னா கம்ப்யூட்டர் தானா அடுத்ததுக்கு இறங்கி வரும், உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார். இதை யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. மேலே போட்ட அரசுக் கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் கிடைத்தது. அக்கா, உங்களை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்.

கட்டணம் இல்லை, சரி. ஆனால் ட்ராஃப்டர், கால்குலேட்டர், லேப் கோட், ஷூ, விடுதிக்குப் பாய் தலையணை, பஸ் செலவு எல்லாம் எந்த அரசாணையிலும் வராது. அப்பாவின் மேஸ்திரி, வேலை திரும்பத் தொடங்கியதும், முன்பணம் கொடுத்து அனுப்பினார். அதைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடித்தார். மிச்சத்துக்கு அம்மாவின் குழு கைகொடுத்தது. தங்கள் முறை வந்திருந்தும் எங்களுக்காக விட்டுக்கொடுத்த அந்த அம்மாக்களை நான் மறக்க மாட்டேன். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

கல்லூரியில் முதல் வருஷம் எல்லாப் பாடமும் ஆங்கிலம். லேபில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்றாலே கை நடுங்கும். என் அறைத் தோழி ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் கேள்வி கேட்டு, பதில் சொல்ல வைத்துப் பழக்கினாள். எம் ஒன் என்கிற முதல் பருவக் கணக்குத் தாளில் அரியர் விழாமல் தப்பியதில் பாதிப் பங்கு அவளுடையது.

இரண்டாம் வருஷம், 2022 செப்டம்பரில், புதுமைப் பெண் திட்டம் வந்தது. கல்யாணத்துக்கு உதவித்தொகையாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தையே உயர்கல்விக்கு மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணம் என் பெயரில் இருந்த கணக்கில் வந்தது. அதன் பிறகு புத்தகத்துக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டுக்குப் போன் செய்து கேட்கிற நிலைமை இல்லை. உறவில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்றவர்களின் பேச்சும் அப்புறம் குறைந்தது. 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது, என் தம்பி அதில்தான் படிக்கிறான்.

டீச்சரிடம் பேசிவிட்டேன். இந்த வருஷம் கலந்தாய்வு முடிகிற வரை ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்போடு நம் பள்ளியில் இருப்பேன். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், டி.சி. மூன்றையும் கொண்டுவாருங்கள், பெயரை முதலில் சரிபார்த்துவிடலாம். ஒரிஜினல் சான்றிதழ்களை அதுவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பள்ளியின் 2021 பிளஸ் டூ மாணவி